என் நோய்க்கு வாங்கிய கடனை என்னிடமே நான்கு வருடம் மறைத்திருக்கிறார்

நிழல்தேடி (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு லூபஸ் (நம் எதிர்ப்பு சக்தியே நம் உடம்பைத் தாக்கும் நோய்) வந்து ஒன்பது வருடமாகிறது. போன வாரம் புது மருத்துவரிடம் காட்டுவதற்காகப் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேடினேன். என் ஃபைல்தான், ஆனால் அதைக் கையில் எடுப்பதும் அடுக்குவதும் எல்லாம் என் கணவர்தான், எனக்கு விரல் மூட்டு வீங்கியிருக்கும் நாட்களில் தாளைப் புரட்டக்கூட முடியாது. அடியில் ஒரு உறை. உள்ளே கடன் அட்டை பில்கள், ஒரு தனிநபர் கடன் ஒப்பந்தம், அப்புறம் ஒரு தாளில் அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல். மொத்தம் ஏழு இடம். இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன், இரண்டு கடன் செயலி, அவருடைய அண்ணனிடம் ஒரு கைமாற்று, கூட வேலை செய்பவரிடம் ஒன்று. கூட்டிப் பார்த்தால் வீட்டுக்கு வரும் 14 மாதச் சம்பளம்.

சாயங்காலம் அவர் வந்ததும் உறையை மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல. மனசு பாதிச்சா உனக்கு நோய் கூடும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

நான்கு வருடமாக நான் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். "இந்த மருந்து செலவு கூடுதலா இருக்கே, சமாளிக்க முடியுதா?" என்று கேட்கும்போதெல்லாம் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் கடன் மேல் இல்லை. நான் பேச்சில் சேர்க்க முடியாத ஆளாகிவிட்டேனே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. அதே நேரம் அந்தக் கடனில் பாதிக்கு மேல் என் உடம்புக்காகப் போனது என்ற நினைப்பும் சேர்ந்து வருகிறது, கோபப்படக்கூட உரிமை இல்லாத மாதிரி இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள். ஏழில் எதை முதலில் கட்டுவது, அண்ணனிடம் எப்படிப் பேசுவது, ஒன்றும் புரியவில்லை. என்னால் ஆனது என்று இரண்டு வாரமாக ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன், இருப்பதிலேயே செலவு கூடிய மாத்திரை அது. பகலில் ஓரிரு மணி நேரம்தான் எனக்குத் தலை தெளிவாக இருக்கும், அதனால் பதில் தாமதமானால் மன்னியுங்கள்.

---

வெண்பருத்தி

மற்றதெல்லாம் அப்புறம். பாதியாகக் குறைத்த மாத்திரை எது? நான் மருந்தாளர், இருபது வருடமாக இதே வேலை. தயவுசெய்து பெயரைச் சொல்லுங்கள்.

---

ஆற்றங்கரை

சகோதரி, நான் உங்கள் கணவர் இருக்கும் பக்கத்தில் நின்றவன். என் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நான் மூன்று வருடம் மறைத்தேன். அவருக்காக வாதாட வரவில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் கடன் வாங்கும்போது அது மறைப்பது மாதிரியே தெரியாது. ஒரு பரிசோதனை, அடுத்த மாதம் கட்டிவிடலாம், இதற்குப் போய் அவளைக் கலங்கடிப்பானேன் என்றுதான் தோன்றும். அடுத்த மாதம் கட்ட முடியாது. இப்போது சொல்ல வேண்டியது இரண்டு விஷயம் ஆகிவிடும், கடன் இருப்பதும், போன மாதம் சொல்லாததும். மூன்றாம் மாதம் மூன்று. கடனுக்கு வட்டி ஏறுகிற மாதிரியே சொல்லாமல் விட்டதற்கும் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பணத்தைவிட இதுதான் பயம். போன் வந்தால் மாடிக்குப் போய்ப் பேசுவேன். அவள் டயாலிசிஸ் படுக்கையில் இருக்கும் அந்த நான்கு மணி நேரம்தான் எனக்குக் கடன்காரர்களோடு பேசக் கிடைத்த நேரம். வெளியே நடைபாதையில் நின்று கெஞ்சிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சிரிப்பேன்.

அவளுக்குத் தெரிந்த அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ நீங்க மூணு வருஷமா தனியாவா இருந்தீங்க?" என்பதுதான். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நோயாளிக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொள்வது பொய். அவளுக்கு ஏதோ இருக்கிறது என்று முதல் வருடமே தெரிந்திருந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை. எனக்கு வேறு யாரோடோ தொடர்பு இருக்கிறது என்றுகூட நினைத்தாளாம். தெரியாமல் பயந்ததற்குத் தெரிந்து பயந்திருக்கலாம்.

---

நிழல்தேடி

ஆற்றங்கரை அண்ணா, உங்கள் பதிலை அவருக்கும் படித்துக் காட்டினேன். மாடிக்குப் போய்ப் பேசுவது இங்கேயும் நடந்திருக்கிறது. சிக்னல் இல்லை என்பார்.

வெண்பருத்தி, மாத்திரை மைக்கோஃபெனோலேட், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. இரண்டு வேளையை ஒரு வேளை ஆக்கினேன். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டும் முழுதாகத்தான் போகிறது. இந்த மாதச் சிறுநீர்ப் பரிசோதனையையும், வருடத்துக்கொரு முறை எடுக்கும் கண் பரிசோதனையையும் தள்ளிப்போட்டேன். வலி ஒன்றும் கூடவில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

---

வெண்பருத்தி

வலி கூடவில்லை என்பதை வைத்து முடிவெடுக்கவே கூடாத மருந்து அது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கும், ரத்த அழுத்தம் ஏறும், நுரை வரும், கால் வீங்கும், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்போது பாதிப்பு பல நாள் ஓடியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை. நீங்கள் மருந்தையும் குறைத்து, குறைத்ததால் என்ன ஆனது என்று காட்டும் பரிசோதனையையும் நிறுத்தியிருக்கிறீர்கள். நாளைக் காலையே மருத்துவரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொல்லுங்கள். நீங்களாகவே பழைய அளவுக்குப் போகவும் வேண்டாம், அவர் சொல்லட்டும். திட்டினால் திட்டட்டும்.

பணம் பற்றாமல்தான் குறைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இதை நோயாளிகள் சொல்வதே இல்லை. சொன்னால் மருத்துவரிடம் வழிகள் இருக்கும். இதே மருந்தின் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத விலை குறைந்த வடிவம்) இருக்கிறதா, அசாதியோபிரின் மாதிரி பழைய மருந்து உங்கள் நிலைமைக்குப் பொருந்துமா, இரண்டு மாதத்துக்கொரு முறை போதும் என்று விடக்கூடிய பரிசோதனை எது என்று அவரால் பார்க்க முடியும். மைக்கோஃபெனோலேட்டில் இரண்டு வடிவம் உண்டு, இரண்டின் மில்லிகிராம் கணக்கும் ஒன்றல்ல, அதனால் கடையில் மாற்றிக் கொடுத்தால் அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, பிரெட்னிசோலோனைக் குறைக்கும் எண்ணம் எப்போதாவது வந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பல மாதம் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் சொந்தச் சுரப்பி வேலையைக் குறைத்திருக்கும், திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். கடன் இருக்கிற வீட்டில் கணவர் கடனை மறைக்கிறார், மனைவி மாத்திரையைக் குறைத்து அதை மறைக்கிறார். என் கவுன்டரில் இதை அவ்வளவு பார்த்திருக்கிறேன். இன்சுலினைச் சிக்கனமாகப் போட்டுக்கொண்டு வந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கடைசியில் வருகிற அவசர சிகிச்சை பில்லுக்கு முன்னால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

---

பழையகணக்கு

வெண்பருத்தி சொன்னதுதான் முதல் வேலை, அதை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் 22 வருடம் ஒரு கடன் நிறுவனத்தில் வசூல் பிரிவில் இருந்தவன். இப்போது ஓய்வு. கூப்பிடும் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அதனால் அங்கே எது வேலை செய்யும், எது செய்யாது என்று தெரியும்.

ஏழு இடம் என்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தே விஷயம் எழுதுங்கள்: இன்றைய நிலுவை, வட்டி, தவணைத் தேதி, யார் யார் கையெழுத்து, ஈடாக ஏதாவது கொடுத்திருக்கிறதா. ஒரே உட்காரலில் முடிக்க வேண்டாம், உங்களுக்குத் தெளிவாக இருக்கும் நேரத்தில் நாளுக்கு ஒன்று போதும். உங்கள் இருவர் பெயரிலும் கடன் அறிக்கை (யார் பெயரில் என்னென்ன கடன் என்று காட்டும் அறிக்கை) எடுத்துப் பாருங்கள், பட்டியலில் இல்லாத எட்டாவது ஒன்று அதில் இருக்கலாம். அவர் வேண்டுமென்றே மறைத்ததாக இருக்க வேண்டியதில்லை, மறந்தே போயிருக்கும். கையெழுத்து விஷயம் ரொம்ப முக்கியம். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் முழுத் தொகையும் உங்களிடம் கேட்கலாம், போடாத கடனுக்கு உங்களை நெருக்க முடியுமா என்பது அந்தந்த ஊர்ச் சட்டம், அதைத் தெரிந்தவரிடம் கேட்காமல் யாருக்கும் "நான் கட்டுகிறேன்" என்று போனில் வாய் கொடுக்காதீர்கள்.

இப்போது வட்டி. கார்டில் மாதம் 3% என்றால் வருடத்துக்கு 36% என்று நினைப்போம். வட்டிக்கு வட்டி சேர்வதால் தொடாமல் விட்ட 100, பன்னிரண்டு மாதத்தில் 142.6 ஆகிவிடும். உங்கள் வீட்டுக்காரர் ஒழுங்காகக் "குறைந்தபட்சத் தொகை" கட்டிக்கொண்டு வந்திருப்பார், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அதைப் பார்ப்போம். நிலுவை 100, மாதம் 3% வட்டி, குறைந்தபட்சம் நிலுவையில் 5%. முதல் மாதம் 5.15 கட்டுவார். நிலுவை குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சமும் குறைந்துகொண்டே வரும், நமக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். புதிதாக ஒரு பைசா செலவழிக்காமல் இப்படியே 32 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 120 கட்டியிருப்பார், அப்போதும் 50 பாக்கி நிற்கும்.

அதே ஆள், முதல் மாதம் கட்டிய அதே 5.15-ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால் 30 மாதத்தில் கடன் முழுதாக முடிந்துவிடும். கூடுதலாக எங்கிருந்தும் பணம் புரட்ட வேண்டாம், முதல் மாதத் தொகையைக் கீழே இறக்காமல் இருந்தால் போதும். நான் வேலையில் இருந்தபோது இதை ஒருவருக்கும் நாங்கள் சொன்னதில்லை. அது இப்போதும் உறுத்துகிறது.

தனிநபர் கடனில் "12% நிலை வட்டி" மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள். 100 வாங்கி 12 தவணையில் 112 கட்டுவது 12% வட்டி ஆகாது. அசலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே முழு அசலுக்கும் வட்டி கட்டுகிறீர்கள், குறையும் நிலுவைக் கணக்கில் அது 21%-க்கு மேல் வரும்.

கடன் கொடுத்தவர்களோடு பேசுவதை எழுத்தில் வையுங்கள். "குடும்பத்தில் நாட்பட்ட நோய், இன்ன தொகைதான் மாதம் கட்ட முடியும், வட்டியைக் குறையுங்கள் அல்லது தவணையை மாற்றுங்கள்" என்று ஒரு கடிதம், மருத்துவரின் சான்றோடு. போனில் அழுதால் அது எங்கள் கணினியில் ஒரு வரிக் குறிப்பாகத்தான் நிற்கும், அடுத்து கூப்பிடுகிறவன் வேறு ஆள். எழுத்தில் வந்தால் மேலே ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். தவணையைச் சில மாதம் தள்ளிவைக்கிறோம் என்று சொன்னால், அந்த மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓடும்.

அந்த இரண்டு செயலிகளும் போனில் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கலாம், வாங்கியிருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

---

மின்மினி

எல்லாம் சரி, ஆனால் சுலபமாக ஒரு வழி இருக்கிறதே? சொந்த வீடு இருந்தால் அதன் மேல் ஒரு கடன் வாங்கி ஏழையும் அடைத்துவிட்டு ஒரே தவணையாகக் கட்டலாம். வட்டியும் மூன்றில் ஒரு பங்குதான் வரும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், தலைவலி விட்டது.

---

பழையகணக்கு

மின்மினி, உங்களுக்கு விட்டது, சந்தோஷம். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வருமானம் இருந்ததா என்று தெரியவில்லை. நாட்பட்ட நோய் இருக்கிற வீட்டில் வருமானம் எப்போது நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கார்டு கடனைக் கட்டாவிட்டால் போன் வரும், நோட்டீஸ் வரும், வழக்குகூட வரலாம், ஆனால் எழுதிக் கொடுத்த வீட்டைப் போல நேராக வந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டை ஈடு வைத்தால் அந்த வேலி போய்விடுகிறது. அப்புறம் மூன்று வருடக் கடனைப் பதினைந்து வருடத்துக்கு நீட்டினால் குறைந்த வட்டியிலும் மொத்தத்தில் கூடக் கட்டுவோம். ஈடில்லாமல், காலத்தை நீட்டாமல், குறைந்த வட்டிக்கு ஒரே கடனாகக் கிடைத்தால் நானே வாங்கச் சொல்வேன்.

எந்த வழியானாலும், அடைத்த கார்டை மூட வேண்டும். நான் பார்த்த வரையில், மூடாமல் விட்டவர்கள் இரண்டு வருடத்தில் புதுக் கடனோடு பழைய கார்டையும் நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

---

கருவேலங்காடு

இழைக்குக் கொஞ்சம் விலகியது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

எங்கள் வீட்டில் கடனை மறைத்தது நோயாளியேதான். அப்பாவுக்குப் பார்க்கின்சன், கை நடுங்கும் நரம்பு நோய். வாழ்நாளில் ஒரு சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர். 64 வயதில் ராத்திரி முழுக்கப் போனில் சூதாட்டம், யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கி விளையாடியிருக்கிறார். தெரிந்தபோது சேமிப்பில் ஒன்றும் இல்லை. நாங்கள் பேசாத பேச்சில்லை. அம்மா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. நரம்பியல் மருத்துவரிடம் வேறு எதற்கோ போனபோது தங்கைதான் வாய் தவறிச் சொன்னாள். அவர் உடனே மருந்துச் சீட்டை இழுத்துப் பார்த்தார். பிராமிபெக்ஸோல். சிலருக்கு இந்த மருந்து அடக்க முடியாத உந்துதலைக் கொடுக்குமாம், சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. படிப்படியாகக் குறைத்து மாற்றினார்கள். சில வாரத்தில் அந்த வெறி அப்படியே அடங்கிவிட்டது.

அப்பா கேட்டார், "அப்போ நான் கெட்டவன் இல்லையாப்பா?" என்று.

கடன் போகவில்லை, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த மூன்று மாதத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

---

வெண்பருத்தி

கருவேலங்காடு சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, இதைச் சொன்னதற்கு நன்றி. பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் வகை மருந்துகளுக்கு இது தெரிந்த பக்க விளைவு, கால் குறுகுறுப்பு நோய்க்கும் இவற்றைக் கொடுப்பதுண்டு. அரிபிபிரசோல் என்ற மனநல மருந்துக்கும் 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே எச்சரிக்கையைக் கொடுத்தது. இருமுனை மனநோயில் மனம் உச்சத்துக்கு ஏறும் கட்டத்திலும் இப்படிக் கண்மூடித்தனமான செலவு வரும். இயல்புக்கு மாறாக ஒருவர் திடீரென்று பணத்தைக் கொட்டினால் மருந்துச் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இவற்றைச் சட்டென்று நிறுத்தினாலும் கடுமையான விளைவுகள் உண்டு.

---

நிழல்தேடி

ஒரு வாரம் ஆகிவிட்டது. மருத்துவரிடம் சொன்னேன். திட்டவில்லை, ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, "இதை முன்னாலேயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்மா" என்றார். சிறுநீரில் புரதம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பழைய அளவுக்குத் திரும்பச் சொல்லிவிட்டு, அதே மருந்தின் ஜெனரிக்கை அவரே எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருக்கிறாராம், ஒன்பது வருடமாகப் போய்வருகிறேன், இது தெரியாது. அவர் மூலமாகப் பழைய பாக்கியை வட்டி இல்லாத தவணையாக மாற்றினார்கள். பில்லை வரிவரியாகக் கேட்டு வாங்கியதில் ஒரே பரிசோதனை இரண்டு தடவை ஏறியிருந்தது, அதையும் நீக்கினார்கள்.

வீட்டில் பேசினோம். ராத்திரி வேண்டாம் என்று நானே சொன்னேன், அந்த நேரம் எனக்கு மூட்டு வலியும் கோபமும் சேர்ந்து வரும், ஸ்டீராய்டு கூடிய வாரங்களில் தூக்கமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஒன்றரை மணி நேரம். முதல் அரை மணி நேரம் நான் கேள்வியே கேட்கவில்லை, அவரைச் சொல்லவிட்டேன். மூன்றாவது கடனைச் சொல்லும்போது அழுதார். நாற்பத்தாறு வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒன்று சொன்னார், அது என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "நான் இல்லாம போனா இன்சூரன்ஸ் பணமாவது வரும், உன் மருந்துக்கு ஆகும்னு சில நாள் நினைச்சிருக்கேன்." சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதாக உடனே மாற்றிவிட்டார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

தூரத்துமழை

பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றே, நேராக, அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்: "உயிரை விட நினைச்சீங்களா? இப்பவும் அந்த நினைப்பு இருக்கா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாம் ஏற்படுத்திவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை, கேட்பதே பலருக்கு மூச்சு விட வழி கொடுக்கும். இப்போதும் இருக்கிறது என்றால் தனியாக விடாதீர்கள், உடனே மனநல மருத்துவர் அல்லது பக்கத்து அவசர சிகிச்சைப் பிரிவு. வீட்டில் இருக்கிற மருந்துகளைச் சில நாள் வேறு யாராவது பூட்டி வைத்திருக்கட்டும். உங்கள் வீட்டில் நிறைய மாத்திரை இருக்கும்.

என் தம்பி இப்படித்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

---

ஆற்றங்கரை

எனக்கும் அந்த நினைப்பு வந்திருக்கிறது. இங்கே இதுவரை நான் எழுதாமல் விட்டது அதுதான். அவரை எனக்குத் தனிமடலில் எழுதச் சொல்லுங்கள் சகோதரி. மருத்துவரிடம் அழைத்துப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், என்னை என் மனைவிதான் அழைத்துப் போனாள், டயாலிசிஸ் இல்லாத நாளில்.

---

நிழல்தேடி

கேட்டேன். போன வருடம் இரண்டு தடவை நினைத்திருக்கிறார். இப்போது இல்லை என்கிறார். இருந்தாலும் நாளை மறுநாள் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டோம். மாத்திரைப் பெட்டி நாத்தனாரிடம், அவள் தினமும் வந்து அன்றைக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளிடம் காரணம் சொல்லும்போது மற்ற எல்லாமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லியாகிவிட்டது.

பழையகணக்கு ஐயா, பட்டியல் முடிந்தது. கடன் அறிக்கையில் நீங்கள் சொன்ன எட்டாவதும் இருந்தது, ஒரு சின்னக் கடை அட்டை, அவருக்கு நினைவே இல்லை. எதிலும் என் கையெழுத்து இல்லை. எதை முதலில் அடைப்பது?

---

பழையகணக்கு

முதலில் வீட்டுப் பணத்திலிருந்து கூரை, மின்சாரம், உங்கள் மருந்து, காப்பீட்டுத் தவணை நான்கையும் தனியாக எடுத்து வையுங்கள். மருந்துப் பணத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, எவ்வளவு மிரட்டினாலும். மிச்சத்தில் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம், கூடுதலாக உள்ளது முழுக்க வட்டி கூடியதற்கு. அது முடிந்ததும் அடுத்தது. கணக்குப்படி இதுதான் குறைந்த செலவு.

---

ஆற்றங்கரை

ஐயா கணக்கு சரி. ஆனால் நோய் இருக்கிற வீட்டுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். எட்டுக் கடன் என்றால் எட்டுத் தேதி, எட்டு எண்ணிலிருந்து போன். ஒரு தேதி தவறினால் தாமதக் கட்டணம். டயாலிசிஸ் நடுவே ஐந்து தேதியை நினைவில் வைக்க முடியாமல் நான் கட்டிய தாமதக் கட்டணமே ஒரு சிறு கடன் அளவுக்கு வரும். நாங்கள் சின்னச் சின்னதாக நான்கை முதலில் முடித்தோம். வட்டியில் கொஞ்சம் நட்டம்தான். ஆனால் போன் அடிப்பது பாதியாகக் குறைந்தது, அவளுக்கு ரத்த அழுத்தமும் இறங்கியது, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

---

பழையகணக்கு

தாமதக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை நான். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செயலி இரண்டும் வட்டியும் கூடுதல், தொகையும் சின்னது, அங்கே நாம் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம். அதில் தொடங்குங்கள் அம்மா. அண்ணனுக்கு வட்டி இல்லை என்றால் அவரைக் கடைசியில் வையுங்கள், ஆனால் கடைசியில்தான் என்பதை இப்போதே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

---

நிழல்தேடி

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். மூன்று பேர் தனிமடலில் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள்.

செயலி இரண்டும், அந்த மறந்துபோன கடை அட்டையும் முடிந்தன. ஒரு கார்டு கடிதத்துக்கு இறங்கி வந்து வட்டியைக் குறைத்தது, இன்னொன்று மூன்று கடிதத்துக்கும் பதிலே போடவில்லை, அதில் முதல் மாதத் தொகையை இறக்காமல் கட்டிக்கொண்டிருக்கிறோம். அண்ணனிடம் இருவரும் சேர்ந்து போனோம். அவருக்கு வருத்தம் பணத்தில் இல்லை, இரண்டு வருடமாகத் தம்பி வீட்டுப் பக்கமே வரவில்லை என்பதில்தான் இருந்தது. பணத்துக்குப் பயந்து இவர் போகாமல் இருந்திருக்கிறார், அண்ணன் தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறார்.

இவர் மாத்திரை எடுக்கிறார், பதினைந்து நாளுக்கொரு முறை பேசப் போகிறார். என் சிறுநீர்ப் புரதம் இறங்கியிருக்கிறது, முழுக்க இல்லை. நடுவில் ஒரு மாதம் மூட்டு பிடித்துப் படுக்கையிலேயே இருந்தேன், அந்த மாதம் கணக்கு நோட்டில் ஒன்றுமே எழுதவில்லை. அடுத்த மாதம் சேர்த்து எழுதினோம். கண் பரிசோதனைக்கும் போய்விட்டு வந்தேன், பாதிப்பு இல்லை.

எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை, சில நாள் திடீரென்று வரும். போன செவ்வாய் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்குக் கட்ட வேண்டிய தவணையை மறந்துட்டேன், தாமதக் கட்டணம் விழுந்திருச்சு" என்றார். நோட்டை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம்.